பிடித்துக்கொள்ளும் பல்

"மனிதனின் கோரைப்பல் 15 ஷில்லிங் பெறும்." இங்கிலாந்தின் தென்மேற்கை ஆண்ட வெஸ்ஸெக்ஸ் அரசன் ஆல்ஃபிரட், 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொகுத்த சட்டத்தில் இருக்கும் வரி இது. அடிதடியில் ஒருவன் இன்னொருவனின் உடம்பில் எதைச் சேதப்படுத்தினால் எவ்வளவு ஈடு கட்ட வேண்டும் என்று தலையில் ஆரம்பித்துக் கால் விரல் வரை விலை போட்டுக்கொண்டே போகும் நீண்ட பட்டியல் அது. பல்லுக்கு மூன்றே விலைதான். முன்பல்லைத் தட்டிவிட்டால் 8 ஷில்லிங். கடைவாய்ப்பல்லுக்கு 4. கோரைப்பல்லுக்கு மட்டும் 15. இதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. முன்பல் போனால் முகக்களை போகிறது, பேச்சு குழறுகிறது, அதற்கு 8 என்றால் புரிகிறது. கடைவாய்ப்பல் போனது வெளியே தெரியாது, அதனால் 4 என்பதும் புரிகிறது. இரண்டுக்கும் நடுவே மூலையில் நிற்கும் ஒரு பல்லுக்கு, முன்பல்லின் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏன்?

15 ஷில்லிங் சின்னத் தொகை இல்லை. வெஸ்ஸெக்ஸில் ஒரு ஷில்லிங் என்பது 5 வெள்ளிப் பென்னி. சில பத்தாண்டுகள் கழித்து, ஆல்ஃபிரடின் பேரன் ஏதெல்ஸ்டன் காலத்தில், லண்டன்காரர்கள் திருட்டுப்போகும் கால்நடைக்கு விலை நிர்ணயித்து எழுதி வைத்தார்கள். ஆடு ஒரு ஷில்லிங், பன்றி 10 பென்னி, பசு 20 பென்னி. அந்தக் கணக்கில் ஒரு கோரைப்பல்லுக்குப் பதினைந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். அதே சட்டத்தில் கட்டைவிரலுக்கு 30 ஷில்லிங், நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கு 17, சுண்டுவிரலுக்கு 9. ஆள்காட்டி விரலுக்கு 15. சட்டம் அந்த விரலைச் சொல்லும் பெயர் 'எய்யும் விரல்'. வில் பிடிப்பவனின் விரலும் வாயோரத்துப் பல்லும் ஒரே விலை.

இதைவிட முந்திய சட்டம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்த கென்ட் நாட்டு அரசன் ஏதெல்பெர்ட் கிட்டத்தட்ட 600ஆம் ஆண்டில் போட்டது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்டம் அதுதான். 12ஆம் நூற்றாண்டில் ராச்செஸ்டர் தேவாலயத்தில் எடுத்த ஒரே ஒரு பிரதியில் அது பிழைத்துக் கிடக்கிறது. அங்கே விலை வேறு மாதிரி போகிறது. முன்னால் இருக்கும் நான்கு பற்களுக்குத் தலா 6 ஷில்லிங், அதை ஒட்டி நிற்கும் பல்லுக்கு 4, அதற்கும் அடுத்ததற்கு 3, மிச்சம் இருப்பவை ஒவ்வொன்றுக்கும் 1. கென்டின் ஷில்லிங் வேறு, வெஸ்ஸெக்ஸின் ஷில்லிங் வேறு. அதனால் தொகையை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது, வரிசையைத்தான் ஒப்பிட முடியும். கென்டில் நடுவில் இருந்து ஓரத்துக்குப் போகப்போக விலை இறங்கிக்கொண்டே வருகிறது. முகத்தில் எது எவ்வளவு தெரிகிறதோ அதற்குத் தக்க விலை. அந்தக் கோரைப்பல்லுக்குத் தனிப் பெயர்கூட இல்லை, 'பக்கத்தில் நிற்கும் பல்', அவ்வளவுதான். முந்நூறு ஆண்டு கழித்து ஆல்ஃபிரடின் சட்டத்தில் அது வரிசையை உடைத்துக்கொண்டு மேலே போய்விட்டது. பெயரும் வந்துவிட்டது. அந்தப் பெயர் டுக்ஸ்.

யானைக்குப் போன பெயர்

டுக்ஸ் என்பதற்கு டுஸ்க் என்று இன்னொரு உருவமும் அந்தக் காலத்திலேயே இருந்தது. எழுத்து இடம் மாறி ஒலிப்பது எல்லா மொழியிலும் நடப்பதுதான். நம்மிடம் தசை சதையாகவும் விசிறி சிவிறியாகவும் ஆகவில்லையா, அதே சங்கதி. இன்றைய ஆங்கிலத்தில் யானைத் தந்தத்துக்குச் சொல்லும் 'டஸ்க்' இந்த இரண்டாவது உருவத்திலிருந்து வந்தது. ஆக, இன்று யானையிடமும் காட்டுப்பன்றியிடமும் கடற்பசுவைப் போலக் கொழுத்த வால்ரஸிடமும் இருக்கும் சொல், ஆல்ஃபிரடின் குடிமகன் வாயிலும் இருந்தது. 'மனிதனின் டுக்ஸ்' என்றுதான் சட்டம் எழுதுகிறது. 'மனிதனின்' என்று அழுத்திச் சொல்ல வேண்டி வந்ததே, அதற்கு மிருகத்தின் டுக்ஸ் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தது காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் இதே சொல் வருகிறது. அசுரத் தாயைத் தேடி நாயகன் மடுவுக்குள் இறங்கும்போது நீர்மிருகங்கள் பல சூழ்ந்துகொண்டு அவனுடைய இரும்புச் சட்டையைத் தங்கள் 'போர் டுக்ஸு'களால் தாக்குகின்றன. பூதம் வாழும் மடுவிலும் அடிதடி வழக்கிலும் ஒரே பல்தான்.

அப்புறம் அந்தச் சொல் மனித வாயை விட்டுப் போனது. லத்தீனில் நாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த 'கேனைன்' படித்தவர் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. சாதாரண ஜனங்கள் மேல் கோரைப்பல்லைக் 'கண்பல்' என்றார்கள், கண்ணுக்கு நேர் கீழே இருப்பதால். டஸ்க் வாயை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பல்லுக்கு மட்டும் என்று ஒதுங்கியது. இந்த ஒதுக்கத்தில் ஒரு விசித்திரம் நடந்திருக்கிறது. காட்டுப்பன்றிக்கும் வால்ரஸுக்கும் நீட்டிக்கொண்டிருப்பது உண்மையிலேயே கோரைப்பல்தான். யானைக்கு அப்படி இல்லை. யானையின் தந்தம் மேல் தாடையின் வெட்டுப்பல், அதாவது முன்பல். கோரைப்பல்லின் பெயர் முன்பல்லுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தாடையில் அது எந்த இடத்தில் முளைக்கிறது என்பதை ஜனங்கள் பார்க்கவில்லை, நீளமாக, கூராக வெளியே வருகிறதே, அதைத்தான் பார்த்தார்கள். இன்னும் ஒரு துண்டு பாக்கி இருக்கிறது. ஆசியப் பெண் யானைகளுக்குச் சிலவற்றில் உதட்டோரம் குட்டையாக எட்டிப் பார்க்கும் தந்தத்தை யானை ஆய்வாளர்கள் இன்றும் 'டஷ்' என்கிறார்கள். குதிரைக்காரர்கள் குதிரையின் கோரைப்பல்லை அதே பெயரால் சொல்கிறார்கள். டுஸ்க் என்பதன் மென்மையான ஒலிப்பு அது.

டுக்ஸ் எங்கிருந்து வந்தது என்று பின்னால் போனால் பல்லைத் தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை. 'டூத்' என்ற பொதுச்சொல்லும் இதுவும் ஒரே வேரின் கிளைகள். வடகடலோரத்து ஃபிரிசிய மொழியில் இன்றைக்கும் சாதாரணப் பல்லுக்கே 'டோஸ்க்' என்றுதான் பெயர். லத்தீனின் 'டென்ஸ்', வடமொழியின் 'தந்த' எல்லாம் அந்தக் குடும்பம். வடமொழி வழியாக நாம் எடுத்துக்கொண்ட தந்தமும் அதில் சேர்த்தி. நேர்மையான சொல். பல் என்று ஆரம்பித்துப் பல் என்றே முடிகிறது. எனக்குத் தூக்கம் கெட்டது இந்தச் சொல்லால் இல்லை. டுக்ஸ் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் வந்து உட்கார்ந்த இன்னொரு சொல்லால்.

கறிக்கடை வாசலில்

அந்தச் சொல்லுக்குப் போவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது இல்லாமல் எனக்கு அந்தச் சொல் திறந்திருக்காது. என் சித்தி மகள் பல் மருத்துவர். 15 ஷில்லிங் கதையை அவளிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "அண்ணே, கோரைப்பல்லைப் பிடுங்கணும்னா நாங்களே ரெண்டு தடவை யோசிப்போம். வாயில இருக்கிறதிலேயே நீளமான வேர் அதுக்குத்தான்" என்றாள். மேல் கோரைப்பல் சராசரியாக 27 மில்லிமீட்டர் இருக்கும், அதில் வெளியே தெரிவது பத்துதான், மிச்சம் 17 எலும்புக்குள் இருக்கிறது என்று கணக்குச் சொன்னாள். வயதானவர்களுக்கு மற்றதெல்லாம் விழுந்த பிறகும் இது நின்றுகொண்டிருக்கும். இது விழுந்துவிட்டால் வாயின் மூலை உள்ளே வாங்கி முகமே மாறிவிடும். இப்படி ஒரு பல்லை ஒருவன் ஒரே குத்தில் வெளியே வரவழைத்தான் என்றால், அந்தக் குத்து எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்? விலையில் பாதி அந்தக் குத்துக்கே போட்டிருப்பார்கள் என்பது அவள் கட்சி. சட்டம் காரணம் எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படியும் எனக்கு முழுசாக ஆறவில்லை. வரிசையில் எத்தனையாவது என்று எண்ணிச் சொல்லாமல் இந்த ஒரு பல்லுக்குத் தனிப் பெயர் வைத்தவர்கள், அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்திருப்பார்கள் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நிற்கும்போது அது கண்ணில் பட்டது. கடைக்காரர் சவ்வோடு ஒட்டிய விலா எலும்பு ஒன்றை வாசலில் எறிந்தார். செவலை நாய் ஒன்று எகிறி அதைக் காற்றிலேயே கவ்வியது. கவ்வியது முன்பக்கத்துப் பற்களால். மேலும் கீழுமாக நான்கு கோரைப்பற்கள் எலும்பைச் சுற்றிக் கொக்கி போட்ட மாதிரி பூட்டிக்கொண்டன. இன்னொரு நாய் மறுமுனையைப் பிடித்து இழுத்தது. செவலை காலை ஊன்றிப் பின்னுக்கு இழுத்ததே தவிர, அந்த நான்கு பல்லும் துளி நகரவில்லை. எலும்பும் கிழியவில்லை, சவ்வும் கிழியவில்லை. எதிரி விட்டுவிட்டுப் போன பிறகு செவலை சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து, முன்னங்கால்களால் எலும்பை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, தலையை ஒருபக்கமாகச் சாய்த்தது. சாய்த்துக் கன்னத்தின் பின்பக்கத்தில் வைத்து நறுக்கியது. சவ்வு அங்கேதான் அறுபட்டது, எலும்பு அங்கேதான் நொறுங்கியது. நாய் எலும்பு தின்னும்போது ஏன் தலையைச் சாய்க்கிறது என்று சின்ன வயதிலிருந்து பார்த்தும் நான் கேட்டதே இல்லை. கத்தரிக்கோல் கன்னத்துக்குள் இருக்கிறது. மேல் தாடையின் கடைசி முன்கடைவாய்ப்பல்லும் கீழ்த் தாடையின் முதல் கடைவாய்ப்பல்லும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு இறங்குவதுதான் அந்தக் கத்தரி. புலிக்கும் சிங்கத்துக்கும் அப்படித்தான். பெரிய பூனைகள் இரையின் தொண்டையைக் கோரைப்பல்லால் கவ்வி, மூச்சு அடங்கும்வரை விடாமல் பிடித்துக்கொண்டு கிடக்கும். கிழிப்பதும் தின்பதும் அதற்குப் பிறகு, வேறு பல்லால்.

பார்த்தால் பயமாக இருக்கும் அந்தக் கூர்ப்பல்லின் முதல் வேலை கிழிப்பது இல்லை. பிடிப்பது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் 'ஃபேங்' என்ற சொல்லின் பழைய பக்கங்களைப் புரட்டினேன்.

கையில் தொடங்கிய சொல்

பேய்ப்படமும் பாம்புப்படமும் பார்த்து வளர்ந்த நமக்கு 'ஃபேங்' என்றால் ரத்தம் சொட்டும் கூர்ப்பல். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பல்லோடு தனியாக யாரும் சேர்த்துப் பேசவில்லை. 'ஃபோன்' என்றால் பிடி, எடுத்துக்கொள், கைப்பற்று. அதன் இறந்தகாலம் 'ஃபெங்'. பெயர்ச்சொல்லாக 'ஃபாங்' என்றால் பிடிபட்டது, கொள்ளையில் கிடைத்தது. முழுக்க முழுக்கக் கையின் சொல். நெருப்பின் பிடி என்று பேயோவுல்ஃபில் கிழட்டு அரசன் ஒருவன் சொல்கிறான். வாலிபனே, உன் பலம் கொஞ்ச நாள்தான், அப்புறம் நோயோ, வாளோ, நெருப்பின் பிடியோ, வெள்ளத்தின் பெருக்கோ உன்னைக் கொண்டுபோய்விடும் என்று அறிவுரை சொல்லும் இடம். அங்கே பிடிக்கு வருவது 'ஃபெங்'.

இன்னும் அழகான இடம் ஒன்று இருக்கிறது. பழைய இங்கிலாந்தில் ஆண்டுவாரியாக எழுதிவந்த ஆங்கிலோ சாக்சன் வரலாற்றுக் குறிப்பில் ஒரு அரசன் செத்து இன்னொருவன் வரும்போதெல்லாம் ஒரே வாய்ப்பாட்டைத்தான் எழுதுவார்கள். 'ஃபெங் டோ ரீச்சே.' அரசைப் பிடித்தான், அதாவது அரசுப் பொறுப்பைக் கையில் ஏற்றுக்கொண்டான். ஆட்சியைப் பிடித்தான் என்று நம் செய்தித்தாள் எழுதுவது போலத்தான், ஆனால் அதில் பறித்தான் என்ற வாடை இல்லை. 871ஆம் ஆண்டுக் குறிப்பில், அண்ணன் இறந்த பிறகு ஏதெல்வுல்ஃபின் மகன் ஆல்ஃபிரட் வெஸ்ஸெக்ஸ் அரசை 'ஃபெங்' என்று இருக்கிறது. பல்லுக்கு 15 ஷில்லிங் போட்ட அதே ஆல்ஃபிரட். இந்த வரலாற்றுக் குறிப்பின் மிகப் பழைய பிரதி கேம்பிரிட்ஜில், கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் பார்க்கர் நூலகத்தில் இருக்கிறது. ஆல்ஃபிரடின் சட்டத்துக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதியும் அதே ஏட்டுக்குள்தான் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரே கட்டில் சில தாள்கள் தள்ளி ஒரு பக்கம் அரசன் 'ஃபெங்', இன்னொரு பக்கம் குடிமகனின் 'டுக்ஸ்'. ஒன்று கை, ஒன்று பல். அந்தப் பக்கங்களில் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

அரசன் அரசைப் பிடிப்பது போல ஊர்த்தலைவன் திருடனைப் பிடிப்பதற்கும் இதே சொல்தான். 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசர்கள் ஒரு பிரபுவுக்கோ மடத்துக்கோ நிலம் கொடுத்து ஓலை எழுதும்போது, கூடவே கொடுக்கும் உரிமைகளை ஒரு மந்திரம் போல அடுக்குவார்கள். அந்த வரிசையின் கடைசியில் 'இன்ஃபாங்கனெதேயோஃப்' என்று ஒன்று வரும். எல்லைக்குள் பிடிபட்ட திருடன் என்று பொருள். தன் நிலத்துக்குள் களவுப் பொருளோடு சிக்கியவனை விசாரித்துத் தூக்கில் போடும் உரிமை அது. யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் இந்தப் பழைய உரிமை அதிசயமாக 17ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது. பதின்மூன்றரைப் பென்னியும் அதற்கு மேலும் பெறுமான பொருளைத் திருடியவன், அது கையில் இருக்கும்போதோ முதுகில் சுமக்கும்போதோ பிடிபட்டால், அல்லது தானே ஒப்புக்கொண்டால், கழுத்தை வெட்டும் கோடரி பொருத்திய மரச்சட்டகத்தில் தலையை வைக்க வேண்டியதுதான். 1650ல்தான் அங்கே கடைசியாக அந்தக் கோடரி இறங்கியது. திருடனைப் பிடித்த கையை விட்டு இந்தச் சொல் நகரவே இல்லை பாருங்கள். 1590களின் கடைசியில் ஷேக்ஸ்பியர் நான்காம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பாகத்தில், கடனாளியைக் கைது செய்ய வரும் சேவகனுக்கு ஃபேங் என்றே பெயர் வைத்தார். அவனுடைய கூட்டாளியின் பெயர் ஸ்னேர், அதாவது சுருக்குக் கயிறு. பிடியும் சுருக்கும் ஜோடியாக வந்து அந்தக் கடனாளி ஃபால்ஸ்டாஃபை மடக்கப் பார்க்கிறார்கள். பார்வையாளருக்கு அந்தப் பெயர்களை விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

பல்லாக ஆனது எப்போது? ஏறக்குறைய 16ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் 'ஃபேங்' தனியாக நின்று கோரைப்பல்லைக் குறிக்கத் தொடங்குகிறது. அதற்கு முன்பே 'ஃபெங்டோத்' என்ற கூட்டுச்சொல் பழைய ஆங்கிலத்தில் உண்டு, பிடிக்கும் பல் என்று. ஜெர்மானியர்கள் இன்றும் 'ஃபாங்சான்' என்று அதே கூட்டைத்தான் வைத்திருக்கிறார்கள். பல் என்பது உதிர்ந்து பிடி மட்டும் தங்கியது. ஆக, அந்தப் பெயரை வைத்தவர்கள் நாயையோ ஓநாயையோ பக்கத்திலிருந்து கவனித்தவர்கள். கிழிக்கும் பல் என்று வைக்கவில்லை, குத்தும் பல் என்றும் வைக்கவில்லை. இலங்கையில் அறிவியல் பாடத்தில் வேட்டைப்பல் என்று எழுதுவதை முதலில் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சியும் இதே வகைதான். தோற்றத்தை வைத்துப் பெயரிடாமல் வேலையை வைத்துப் பெயரிட்டவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

என் தங்கை சொன்ன 17 மில்லிமீட்டருக்கும் இந்தச் சொல்லில் இடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபேங்' என்பதற்குப் பல்லின் வேர் என்றும் ஒரு பொருள் உண்டு. கடைவாய்ப்பல்லின் வேர் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்து தாடை எலும்பைக் கவ்விக்கொண்டு நிற்கிறதே, அந்தக் கிளை ஒவ்வொன்றும் ஒரு 'ஃபேங்'. பழைய பல் வைத்திய நூல்களில் இது சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. வெளியே இரையைப் பிடிப்பதற்கும் உள்ளே எலும்பைப் பிடிப்பதற்கும் ஒரே பெயர். கூர்மைதான் இந்தச் சொல்லின் உயிர் என்று இருந்திருந்தால் ஈறுக்குள் புதைந்து கிடக்கும் வேருக்கு அந்தப் பெயர் போயிருக்காது. பாம்பின் நச்சுப்பல்லுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, இன்றைக்கு அதுவே முதலில் நினைவுக்கு வருவது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கண்ணாடி விரியன் எலியைக் கொத்திவிட்டு உடனே விட்டுவிடும், பிறகு வாசம் பிடித்துத் தேடிப் போய் விழுங்கும். பிடித்துக்கொண்டே இருப்பது மலைப்பாம்பு. அதற்கு விஷமே கிடையாது. பின்னோக்கி வளைந்த பற்களால் கவ்விவிட்டால் இரை திமிறத் திமிற உள்ளேதான் போகும். சொல்லின் பழைய பொருளுக்குச் சரியான சொந்தக்காரன் அதுதான்.

கயிறும் பல்லும்

ஐரோப்பிய மொழிகளில், ஆங்கிலமும் சேர்ந்த ஜெர்மானியக் குடும்பத்தில் 'ஃப' என்று தொடங்கும் பழைய சொல்லுக்கு லத்தீனிலும் வடமொழியிலும் 'ப' இருக்கும். ஃபாதருக்குப் பிதா, ஃபுட்டுக்குப் பாதம். அதே வழியில் 'ஃபேங்' பின்னால் போய்ச் சேரும் வேருக்குக் கட்டு, இறுக்கிப் பொருத்து என்று பொருள் சொல்கின்றன சொற்பிறப்பு அகராதிகள். லத்தீனில் அந்த வேரிலிருந்து 'பாக்டம்' என்ற ஒப்பந்தமும் 'பாக்ஸ்' என்ற சமாதானமும் வந்தன. இரண்டு தரப்பைச் சேர்த்துக் கட்டுவதுதானே சமாதானம். வடமொழியில் அதே வேரில் முளைத்தது பாசம், அதாவது கயிறு, சுருக்கு. அது நம்மிடம் வந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எமன் கையில் பாசக்கயிறு. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்று உயிரைக் கட்டிவைக்கும் தளை. வீட்டில் தாய்ப்பாசம். கட்டுவது என்ற ஒரே செயல் இங்கே மரணத்திலிருந்து அன்பு வரை போயிருக்கிறது. அங்கே கொள்ளையிலிருந்து அரசுரிமை வரை போய், கடைசியில் நாயின் வாயில் நின்றிருக்கிறது. பிள்ளையார் சிலையைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கையில் பாசம், இன்னொரு கையில் ஒடிந்த தந்தம். 'ஃபேங்'கின் உறவு ஒன்று, 'டஸ்க்'கின் உறவு ஒன்று. ஆங்கிலத்தில் ஒரே பல்லின் பெயருக்கு முன்னும் பின்னுமாக வந்த இரண்டு சொற்களின் தூரத்துச் சொந்தங்கள் அங்கே ஒரே சிலையின் கைகளில் இருக்கின்றன. இதை நான் யாரும் திட்டமிட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் தெரிந்த பிறகு கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

பன்றியின் பல்

இரண்டு சொற்களும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் ஓர் இடத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தில் கிளாஸ்டர் பிரபுவை நாற்காலியில் கட்டிவைத்து விசாரிக்கிறாள் லியரின் மகள் ரீகன். கிழவர் லியரை ஏன் டோவர் துறைமுகத்துக்கு அனுப்பினாய் என்று கேட்கிறாள். உன் கொடிய நகங்கள் அவருடைய பாவப்பட்ட கண்களைப் பிடுங்குவதை நான் பார்க்க விரும்பவில்லை, உன் தமக்கை அவருடைய புனித உடலில் தன் பன்றிப் பற்களைப் பாய்ச்சுவதையும் பார்க்க விரும்பவில்லை என்கிறார் கிளாஸ்டர். காட்டுப்பன்றியின் பல் என்றால் அது டஸ்க், ஆயிரம் ஆண்டுப் பழைய டுக்ஸ். ஷேக்ஸ்பியர் அங்கே அதை எழுதவில்லை, 'ஃபேங்ஸ்' என்று எழுதினார். டுக்ஸ் இருந்த இடத்தில் 'ஃபேங்' ஏறி உட்கார்ந்திருப்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் வரி எனக்கு வேறு தெரியாது.

அந்த வரியிலேயே ஒரு வினைச்சொல் இரண்டு பதிப்புகளில் இரண்டு விதமாக இருக்கிறது. 1608ல் வந்த சிறு பதிப்பில் 'ராஷ்'. பன்றி தலையைச் சாய்த்துக் கோரைப்பல்லால் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு போவதற்கு வேட்டைக்காரர்கள் சொல்லும் சொல் அது. 1623ல் வந்த பெரிய தொகுப்பில் 'ஸ்டிக்', குத்தி உள்ளே நிறுத்துவது. பதிப்பாசிரியர்களில் பலருக்கு முதலாவதுதான் பிடிக்கும். அரிய சொல், காட்டிலிருந்து நேராக வந்த சொல், பன்றியின் நடத்தைக்கும் அதுதான் பொருத்தம், பன்றி பிடித்துக்கொண்டு நிற்காது, கிழித்துவிட்டு ஓடிவிடும். இதையெல்லாம் ஒப்புக்கொண்டும் நான் 1623இன் பக்கம்தான். கிளாஸ்டர் பயப்படுவது ஒரு கிழிசலுக்கு இல்லை. அப்பனைக் கவ்விவிட்டு விடாமல் இருக்கப்போகும் மகள்களுக்கு. கதவைச் சாத்திப் புயலில் தள்ளிய பிறகும் அவர்கள் அவரை விடவில்லை, உயிரை வாங்க ஆள் அனுப்பப் பார்க்கிறார்கள், அதனால்தான் டோவருக்கு அனுப்ப வேண்டி வந்தது. அந்த இடத்துக்குக் கிழிக்கும் வினை போதாது. பல் உள்ளே இறங்கி நிற்க வேண்டும். 'ஃபேங்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்த கை 'ஸ்டிக்' என்ற வினையையும் தானே எழுதியது என்று நிரூபிக்க என்னால் முடியாது. மேடையில் நடிப்பவர் யாராவது என்னிடம் கேட்டால், அந்த வரியை 1623இன்படிச் சொல்லுங்கள் என்பேன்.